அண்ணிக்குக் கேட்ட மருந்து

அந்தக் குடியிருப்பில் எல்லோருக்கும் அவள் அண்ணிதான். பால் பாக்கெட் போடுகிறவர், மாடிவீட்டு வாத்தியார், அவளைவிடப் பத்து வயது மூத்த வாசல் காவலாளி, எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். அதற்குக் காரணம் அவளுடைய கொழுந்தனின் தொண்டை. அவள் கல்யாணமாகி வந்தபோது அவன் பள்ளிக்கூடம் போகிற பையன். அப்பா அம்மா இல்லாத பிள்ளை. பொத்தான் அறுந்தாலும் பசியெடுத்தாலும் தெருமுனையிலிருந்தே "அண்ணீ..." என்று ஒரு குரல் கொடுப்பான். நாலு வீட்டு ஜன்னல் திறக்கும். கேட்டுக் கேட்டுப் பழகி, அவளுக்கென்று ஒரு பெயர் இருந்ததையே அக்கம்பக்கத்தார் மறந்துவிட்டார்கள். அவளும் அதைப் பெரிதாகத் தேடவில்லை. அவளுக்குக் குழந்தை இல்லை. அந்தக் குரல் இருந்தது.

வளர்ந்து ஆளான பிறகும் அந்தத் தொண்டை ஓயவில்லை. கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியில் அவனுக்கு வேலை. நாள் முழுக்கப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொண்டு "கிளட்ச்... கிளட்சை மிதிங்கம்மா... கிளட்ச்!" என்று கத்திக் கத்தி, அவன் பெயரே கிளட்ச் என்று ஆகிப்போனது. நாற்பது வயதுக்குள்ளேயே ரத்தக் கொதிப்பும் வந்து சேர்ந்தது. "இது பரம்பரையா வந்ததில்ல அண்ணி, பயந்து பயந்து வந்தது" என்பான். "தினமும் ஒருத்தராவது என்னை லாரிக்கு நேரா கூட்டிட்டுப் போறாங்க. நான் சிரிச்சுக்கிட்டே 'பிரேக்'னு சொல்லணும்." சொல்லிவிட்டு அவனே முதலில் சிரிப்பான். காலையில் ஒரு மாத்திரை போட்டுக்கொண்டு வேலைக்குப் போய்விடுவான். அவன் மனைவியை வீட்டில் சின்னவள் என்பார்கள். வாய் திறந்து பேசாத பெண். அவனுக்குச் சேர்த்து அவள் பேசாமல் இருக்கிறாள் என்று கேலி செய்வார்கள். அவர்கள் இரண்டு தெரு தள்ளிக் குடியிருந்தார்கள்.

அண்ணியின் கணவர் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் உள்ள உயரமான கட்டிடங்களுக்கெல்லாம் அவர் நாடி பார்த்திருக்கிறார் என்று சொல்லலாம். லிஃப்ட் ஏறும்போது காதைச் சுவரில் வைத்து, எந்தச் சக்கரத்துக்கு எண்ணெய் வேண்டும் என்று சொல்லிவிடுவார். ஆனால் வயது ஏற ஏற ஒரு காது மந்தமானது. கம்பெனியில் அதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். ஒரு கேக்கை வெட்டி, கைகுலுக்கி, வீட்டுக்கு அனுப்பி வைத்தார்கள்.

அதற்கப்புறம் அவர் சோபாவின் ஒரு ஓரத்தில் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் உட்கார்ந்தவர்தான். முகச்சவரம் இல்லை, பேச்சு இல்லை. போன் அடித்தால் சட்டென்று நிமிர்வார். ஏதாவது கட்டிடத்தில் லிஃப்ட்டுக்குள் ஆள் மாட்டிக்கொண்டிருக்கிறாரோ என்று பழைய நினைப்பு. கடன் அட்டை விற்கிற பெண்ணின் குரலாக இருக்கும். மறுபடி தலை தொங்கிவிடும். அண்ணி வேலைக்குப் போகும்போது எந்த இடத்தில் விட்டுப்போனாளோ, திரும்பி வரும்போதும் அதே இடத்தில் இருப்பார். விளக்குக்கூடப் போட்டிருக்க மாட்டார். ஒவ்வொரு நாளும் கதவைத் திறந்ததும் அவருக்கு மூச்சு வருகிறதா என்றுதான் அவள் முதலில் பார்ப்பாள்.

அவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்தாள். வளைந்த ஃபிரேமைச் சூடுகாட்டி நிமிர்த்துவாள், மூக்கில் அழுத்துகிற பட்டையை மாற்றுவாள், எறும்புத் தலை அளவு ஸ்க்ரூவைத் திருகுவாள். ஒருநாள் அப்படி ஸ்க்ரூவைத் திருகும்போது அது இரண்டாகத் தெரிந்தது. பின்மண்டை கனத்தது. கடைக்கார அம்மா வற்புறுத்தி டாக்டரிடம் அனுப்பினாள். கூட வந்தவர் கணவர். டாக்டர் அவள் கையில் பட்டையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "பிரஷர் அதிகம். மாத்திரை எழுதியிருக்கேன். தொடர்ந்து சாப்பிடணும்" என்றார். எத்தனை நாளைக்கு என்று கணவர் கேட்டார். "நாள் கணக்கெல்லாம் இல்ல. தொடர்ந்து" என்றார் டாக்டர், அடுத்த ஆளுக்கு மணியடித்துக்கொண்டே.

வெளியே வந்ததும் கணவருக்குப் பொத்துக்கொண்டு வந்தது. பல மாதங்களுக்கு அப்புறம் அவர் பேசிய முதல் நீண்ட பேச்சு அதுதான்.

"நிமிர்ந்துகூடப் பார்க்கல. ஒரு லிஃப்ட் நின்னுடுச்சுன்னா ஏன் நின்னுச்சுன்னு பார்ப்போமா மாட்டோமா? இவர் பாட்டுக்கு ஃபியூஸ் போன இடத்துல ஆணியைச் சொருகுறார். ஓடத்தான் செய்யும். கோளாறு உள்ளேயேதான் இருக்கும்."

அன்றைக்கே போனில் இயற்கை மருத்துவக் காணொளிகளைப் பார்க்க ஆரம்பித்தார். பூண்டு என்ன செய்யும், பீட்ரூட் என்ன செய்யும், உப்பு என்ன கெடுதல் பண்ணும் என்று பழைய லிஃப்ட் வரைபடங்களைப் படிக்கிற மாதிரி மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து படித்தார். மறுநாள் சவரம் செய்துகொண்டு காய்கறிக் கடைக்குப் போனார். அந்தச் சவரத்தைப் பார்த்துத்தான் அண்ணி முதலில் மயங்கினாள். மருந்தைப் பார்த்து இல்லை.

பூண்டும் இஞ்சியும் எலுமிச்சையும் சேர்த்துக் காய்ச்சி, ஆறியதும் தேன் விட்டு, வெறும் வயிற்றில் ஒரு டம்ளர். பத்து மணிக்கு பீட்ரூட் சாறு, கடைக்கு எடுத்துப்போக ஒரு பாட்டிலில். உப்பு பாதி. மாலையில் நடை; அவரும் கூடவே வந்தார். மாத்திரையை நிறுத்திவிடலாம் என்றார். அவள் நம்பித்தான் நிறுத்தினாள். அதில் பொய் இல்லை. ஆனால் இரண்டு வாரத்தில் கடையில் நின்றுகொண்டிருந்தவள் கல்லாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். கடைக்கார அம்மா தன்னிடம் இருந்த கருவியில் பார்த்துவிட்டு அலறினாள்.

"சாறு குடி, வேண்டாங்கல. உன் வீட்டுக்காரருக்காகக் குடி. மாத்திரையை நிறுத்துனா உன்னை இங்கயே வச்சுப் பூட்டிடுவேன். விளையாட்டா உனக்கு?"

மறுபடி மாத்திரை வாங்கினாள். வீட்டுக்கு எடுத்துப்போக மனசு வரவில்லை. சரியாகப் பொருந்தாத ஃபிரேம்களைப் போட்டுவைக்கிற இழுப்பறையில் ஒரு கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்தாள். கடை திறந்ததும் ஒன்றை வாயில் போட்டு, அவர் கொடுத்தனுப்பிய பீட்ரூட் சாற்றாலேயே விழுங்கிவிடுவாள். கொஞ்ச நாளில் சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தாள். அவர் இன்னும் கொஞ்சம் தெம்பாகட்டும்.

கணவர் வீட்டிலேயே ஒரு கருவி வாங்கினார். தினமும் காலையில் அவள் கையில் பட்டையைச் சுற்றி, அது காற்று பிடித்து விடுகிறவரை மூச்சை அடக்கிக்கொண்டு பார்ப்பார். எண் இறங்க ஆரம்பித்தது. ஒவ்வொரு எண்ணையும் லிஃப்ட்டில் மாடி சொல்கிற மாதிரி உரக்கச் சொல்வார். "நூத்தி அம்பது! நூத்தி நாப்பது, கதவைத் திற!" ஒருநாள் நூற்று இருபதில் வந்து நின்றது. "தரைத்தளம்!" என்று கத்திவிட்டு, அவர் சிரித்தார். வாய்விட்டு, தோள் குலுங்க, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். சமையலறையில் பூண்டுத் தோல் காலில் ஒட்ட, அவள் அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அதற்கப்புறம் எப்படிச் சொல்வது?

விஷயம் பரவியது. மாடிவீட்டு வாத்தியார் தூக்கம் வரவில்லை என்று வந்தார். காவலாளி முட்டிவலி என்று வந்தார். வாயுத் தொல்லை, தீராத இருமல், நெஞ்சு கரிக்கிறது என்று ஒவ்வொருவராக வந்தார்கள். கணவர் யாரையும் அவசரப்படுத்த மாட்டார். எத்தனை மணிக்குப் படுக்கிறீர்கள், எதை நினைத்துக்கொண்டு படுக்கிறீர்கள் என்றுகூடக் கேட்பார். நல்ல காதை அவர்கள் பக்கம் திருப்பிக்கொண்டு முழுசாகக் கேட்பார். வாத்தியாருக்கு ராத்திரிக் காபியை நிறுத்தச் சொன்னார், அவர் தூங்கினார். இருமல்காரருக்கு வெந்நீரும் தேனும் சொன்னார், அடங்கியது. அதில் பாதிக்கு மேல் நல்ல யோசனைகள்தான், யாருக்கும் கெடுதல் இல்லை. பேசி முடித்து அனுப்பும்போது மட்டும் ஒன்று சொல்வார்: "எங்க வீட்டைப் பாருங்க. மாத்திரையே இல்லாம பிரஷரை இறக்கியிருக்கேன். சாட்சி இங்கயே நிக்குது." அண்ணி டீ டம்ளரைக் கழுவிக்கொண்டு சிரித்துவைப்பாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கிளட்ச் வந்தான். சாப்பிட்டுவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டே சமையலறைக்கு வந்தான். வழக்கமான கேலி முகத்தில் இல்லை.

"அண்ணி, அண்ணன் என்னையும் மாத்திரையை விடச் சொல்றார். அவர் சொல்றதை நான் பாதிதான் நம்புவேன், தெரியும்ல. நீங்க சொல்லுங்க. நிஜமாவே நீங்க நிறுத்திட்டீங்களா?"

கணவர் பின்னாலேயே வந்து கதவில் சாய்ந்து நின்றார். கையில் பாதி உரித்த பூண்டு. பரீட்சை முடிவுக்கு நிற்கிற பிள்ளை மாதிரி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆமா தம்பி" என்றாள். "நிறுத்திட்டேன்."

"அவ்வளவுதான். அண்ணி சொன்னா அப்பீல் கிடையாது" என்று கிளட்ச் அண்ணன் பக்கம் திரும்பினான். "எடுங்க அண்ணா உங்க பூண்டுத் தண்ணியை. இனிமே என் ஸ்டூடண்ட்ஸ் பாடுதான் திண்டாட்டம். நான் வாயைத் திறந்தா ஜன்னலைத் திறக்கணும்."

மூன்று பேரும் சிரித்தார்கள். அவளும்தான்.

அன்று முழுக்க அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. தனியாகப் பிடித்துச் சொல்லிவிட வேண்டும் என்று மறுநாள் கடையிலிருந்து போன் போட்டாள். எடுத்ததுமே அவன் கத்தினான்: "அண்ணி, இன்னைக்கு பார்த்தேன், நார்மல்! உடம்பே பஞ்சு மாதிரி இருக்கு!" மாத்திரையை விட்டு ஒரு நாள்தான் ஆகியிருந்தது, பழைய மாத்திரையின் தயவு அது என்று அவளுக்கு எங்கோ தெரிந்தது. ஆனாலும் நார்மல் என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டாள். அவனுக்கு நிஜமாகவே கேட்டுவிடலாம். சின்ன வயசு. எல்லார் உடம்பும் ஒன்றா என்ன?

அப்படியும் மனசு கேட்காமல் ஒரு மதியம் கார் பள்ளிக்கே போனாள். அவன் ஒரு பூக்கடைக்கார அம்மாவைக் காரில் ஏற்றிக்கொண்டிருந்தான். டெஸ்ட்டில் ஏற்கெனவே கோட்டைவிட்டவள். ஸ்டியரிங்கைக் கண்டாலே கை நடுங்குகிறவள். "அண்ணி, இவங்களுக்கு லைசென்ஸ் வாங்கிக் கொடுத்துட்டுத்தான் நான் ரிட்டயர் ஆவேன். என்ன, திடீர்னு இந்தப் பக்கம்?" என்றான். பூக்கடைக்காரி வெட்கத்தோடு சிரித்தாள். பக்கத்தில் ஆள் இருக்கும்போது எப்படிச் சொல்வது? "சும்மாதான், இந்த வழியா போனேன்" என்றாள் அண்ணி. "பார்த்துப் போங்க." கார் ஒருமுறை குதித்து, நின்று, மறுபடி குதித்துக்கொண்டு போனது. அவன் ஜன்னல் வழியாகக் கையை ஆட்டினான். நல்லா ஆரோக்கியமாத்தானே இருக்கான், என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு கடைக்குத் திரும்பினாள்.

மழைக்காலம் தொடங்கியிருந்த சமயம். அதே பூக்கடைக்காரிக்குத்தான் அன்று காலை வகுப்பு. பெரிய சாலையில் போய்க்கொண்டிருக்கும்போது கிளட்ச் ஏதோ சொல்ல வாயெடுத்தான். வந்தது வார்த்தையாக இல்லை. கேலி பண்ணுகிறார் என்று அவள் முதலில் நினைத்துக்கொண்டாளாம். பிறகு அவன் தலை அவள் தோளில் சாய்ந்தது. அவள் அலறவில்லை. அவன் சொல்லிக்கொடுத்த மாதிரியே ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, ஓரமாக நிறுத்தினாள். இறங்கி நின்று உதவிக்குக் கையை நீட்டினாள். மழையில் ஒரு வண்டியும் நிற்கவில்லை. மறுபடி ஏறி உட்கார்ந்து, அவனை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையால் காரை ஓட்டினாள். கியரை மாற்றப் பயந்து முதல் கியரிலேயே, என்ஜின் ஊளையிட, ஆஸ்பத்திரி வாசல்வரை ஓட்டிக்கொண்டு போனாள். அவள் வாழ்க்கையில் தனியாக ஓட்டியது அதுதான் முதல் தடவை. அண்ணி போய்ச் சேர்ந்தபோது அந்த அம்மா வரவேற்பறையில் ஈரத்தோடு உட்கார்ந்து, "கண்ணாடியைப் பார்த்துத்தான் திரும்பினேன், இண்டிகேட்டர் போட்டேன், எல்லாம் சொன்னபடி செஞ்சேன்" என்று வருகிறவர்கள் போகிறவர்களிடமெல்லாம் சொல்லி அழுதுகொண்டிருந்தாள்.

உயிர் தப்பியது. மூளையில் ஒரு ரத்தக்குழாய் வெடித்திருக்கிறது என்றார்கள். வலது கையும் காலும் அசையவில்லை. பேச்சு போய்விட்டது.

பெரிய டாக்டர் வந்து விசாரித்தார். "பிரஷருக்கு மாத்திரை சாப்பிட்டுட்டிருந்தாரா?"

"முன்னாடி சாப்பிட்டான். இப்ப இயற்கை முறையில பார்த்துட்டிருந்தோம்" என்றார் கணவர்.

"என்ன முறை?"

கணவர் சொன்னார். டாக்டர் கோபப்படவில்லை, களைத்துப்போனவர் மாதிரி இருந்தார். "பூண்டு சாப்பிடறதுல தப்பில்லங்க. உப்பைக் குறைச்சது, நடந்தது எல்லாம் நல்லதுதான். நானே சொல்லுவேன். ஆனா மாத்திரையை எதுக்கு நிறுத்துனீங்க?"

"என் மனைவிக்குக் கேட்டுச்சே டாக்டர். இவளும் மாத்திரையை நிறுத்திட்டா. இதே மருந்துதான். நூத்தி இருபதுக்கு இறங்கிடுச்சு."

டாக்டர் அண்ணியைப் பார்த்தார். அவள் வாயைத் திறந்தாள். கணவர் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டாள். அதற்குள் நர்ஸ் வந்து டாக்டரை அழைத்துக்கொண்டு போய்விட்டாள்.

அதன்பிறகு கணவருக்கு ஒரே நினைப்பு. ஆஸ்பத்திரி நடைபாதையில் நடந்துகொண்டே அதையே உருட்டினார். உனக்குக் கேட்ட மருந்து அவனுக்கு ஏன் கேட்கவில்லை? ஒரே அளவு, ஒரே பூண்டு, ஒரே நேரம். இரண்டு லிஃப்ட்டுக்கு ஒரே ரகக் கயிறு போட்டு ஒன்று அறுந்தால், போட்ட விதத்தில் எங்கோ பிசகு என்றுதானே அர்த்தம்? பிசகைத் தேட ஆரம்பித்தார். தேடிக்கொண்டுபோய் சின்னவளிடம் நின்றார்.

"வெறும் வயித்துலதானே கொடுத்த?"

"ஆமாம் மாமா."

"அதுக்கு முன்னாடி டீ குடிச்சானா?"

"எனக்குத் தெரிஞ்சு இல்ல மாமா."

"தெரிஞ்சுன்னா? நல்லா யோசிச்சுச் சொல்லும்மா. பூண்டை நசுக்கினதும் போட்டியா, நறுக்கி வச்சிருந்து போட்டியா?"

அவர் திட்டவில்லை. குரல்கூட உயரவில்லை. கோளாறைக் கண்டுபிடிக்கிற மெக்கானிக் மாதிரி, தினமும் ஒரு கேள்வியோடு வந்தார். ஏற்கெனவே பேசாத பெண் இன்னும் சுருங்கிப்போனாள். சாப்பாடு இறங்கவில்லை. கணவனின் உணர்வில்லாத கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

ஒரு மத்தியானம், கணவர் மருந்துக் கடைக்குப் போயிருந்தபோது, அவள் அண்ணியின் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். ரகசியம் பேசுகிற குரலில் சொன்னாள்:

"அக்கா, மாமாகிட்ட சொல்லாதீங்க. ஒருநாள் நான் தேன் விட மறந்துட்டேன். இவர் வாயைக் கோணிக்கிட்டு அப்படியே குடிச்சார். 'பரவால்ல விடு'ன்னார். இன்னொரு நாள் எனக்குக் காய்ச்சல். எழுந்திருக்க முடியல. அன்னைக்கு குடிக்காமயே போயிட்டார் அக்கா. அதனாலதானா? நான் எழுந்து ஒரு டம்ளர் காய்ச்சிக் கொடுத்திருந்தா இவர் இப்படி ஆகியிருக்க மாட்டாரா?"

அண்ணி அவள் முகத்தைப் பார்த்தாள். இந்தப் பெண் ஒரு ஸ்பூன் தேனுக்காகத் தன் ஆயுள் முழுக்க அழப்போகிறாள்.

கணவர் பையோடு திரும்பி வந்தார். அண்ணி அவரை நாற்காலியில் உட்காரச் சொன்னாள். கைப்பையைத் திறந்து, கடையிலிருந்து எடுத்துவந்திருந்த கண்ணாடிக் கூட்டைத் திறந்து, மாத்திரை அட்டையை அவர் மடியில் வைத்தாள். பாதி தீர்ந்திருந்தது.

"எனக்குக் கேட்டது இதுதாங்க" என்றாள். "நான் நிறுத்தவே இல்ல. கொஞ்ச நாள் நிறுத்தினேன், மயக்கம் வந்துச்சு, மறுபடி ஆரம்பிச்சுட்டேன். கடையில வச்சு சாப்பிட்டேன்."

அவர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் எழுதியிருந்ததை வாசித்தார். நல்ல காதுப் பக்கம்தான் அவள் நின்றிருந்தாள், ஆனாலும் கேட்காதவர் மாதிரி "என்ன?" என்றார். அவள் மறுபடி சொன்னாள்.

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"நீங்க சிரிச்சீங்க" என்றாள். "அத்தனை மாசம் கழிச்சு சிரிச்சீங்க. எனக்கு அதைப் பிடுங்க மனசு வரல."

எதையோ கூட்டிப் பார்க்கிறவர் மாதிரி உதடு அசைந்தது. மருந்தும் பொய், சிரிப்பும் பொய், சாட்சியும் பொய், தம்பி கிடப்பது மட்டும் நிஜம். எழுந்து நடைபாதையின் கோடிவரை போனார். அங்கே லிஃப்ட் இருந்தது. அதில் ஏறாமல் படி வழியாக இறங்கிப் போனார்.

சின்னவள் அழவில்லை. அண்ணியை நிமிர்ந்து பார்த்தாள்.

"இவர் உங்ககிட்டதானே கேட்டார்" என்றாள். "மாமாவை நம்பலையே. வீட்டுக்கு வந்து என்கிட்ட சொன்னார், அண்ணி சொல்லிட்டாங்க, இனி யோசிக்கவே வேணாம்னு. உங்ககிட்டதானே கேட்டார்?"

அண்ணி அவள் கையைத் தொடப்போனாள். அவள் கையை இழுத்துக்கொண்டாள்.

"நான்தான் இவரை இப்படி ஆக்கிட்டேன்னு இத்தனை நாளா நினைச்சுட்டிருந்தேன். நீங்க பக்கத்துலயே உட்கார்ந்து பார்த்துட்டிருந்தீங்க. போயிடுங்க. இங்க வராதீங்க."

பேசாத பெண்ணின் வாயிலிருந்து வந்தது. அதனால் அதில் ஒரு எழுத்தைக்கூடக் குறைத்து எடுத்துக்கொள்ள முடியவில்லை.

கிளட்ச்சை வீட்டுக்கு அழைத்து வந்தார்கள். கணவர் தினமும் காலையில் போய்த் தம்பியைத் தூக்கி உட்காரவைத்து, குளிப்பாட்டி, உடை மாற்றி, கைகால்களை நீவிவிட்டு வருவார். இயற்கை மருத்துவக் காணொளிகள் நின்றன. வந்தவர்களிடம் வாசலிலேயே "டாக்டரைப் பாருங்க" என்று சொல்லி அனுப்பினார். பூண்டு கூடையிலேயே முளைவிட்டது. அவர் அவளை ஏசவில்லை. கையை ஓங்கவில்லை. அப்படி எதையாவது செய்திருந்தால் அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். விடிந்ததும் ஒரு டம்ளர் தண்ணீரும் அவளுடைய மாத்திரையும் மேசையில் வைப்பார். அவள் விழுங்குகிறவரை அங்கேயே நிற்பார். விழுங்கியதும் டம்ளரை எடுத்துக் கழுவி வைத்துவிட்டுத் தம்பி வீட்டுக்குக் கிளம்புவார். ஒரு வார்த்தை இல்லை. அந்த வீட்டில் அவளுக்குத் தொண்டையில் இறங்கக் கஷ்டமான பொருள் அந்தச் சின்ன வெள்ளை மாத்திரைதான்.

அவள் அவருக்குப் பின்னாலேயே தம்பி வீடுவரை போவாள். உள்ளே போக அனுமதி இல்லை. மாடிப்படியில் உட்கார்ந்திருப்பாள். உள்ளே தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்கும். கணவர் தம்பியோடு பேசுகிற சத்தமும் கேட்கும். அவளிடம் பேசாததையெல்லாம் அங்கே பேசினார். பதிலுக்கு ஒரு குரல் வரும். முதல்முறை அதைக் கேட்டபோது அவள் துள்ளி எழுந்தாள். பேச்சு வந்துவிட்டதா?

வந்திருந்தது. ஒரே ஒரு வார்த்தை. "சரி."

அவ்வளவு பேசிய வாயில் அது மட்டும்தான் மிச்சம் என்று கணவர் மாடிவீட்டு வாத்தியாரிடம் சொல்லிக்கொண்டிருந்ததை அவள் கேட்டாள். பசிக்கிறதா என்றால் சரி. வலிக்கிறதா என்றால் சரி. உன் பெயர் என்ன என்றாலும் சரி. பயிற்சி கொடுக்க வருகிறவர், இப்படிச் சிலருக்கு ஒரு வார்த்தை மட்டும் தங்கிவிடும், மற்றவை மெதுவாக வரலாம், வராமலும் போகலாம் என்று சொல்லியிருந்தார். சிலநேரம் அவன் அதைக் கோபமாகச் சொன்னான், சிலநேரம் அழுதுகொண்டே சொன்னான். வேறெதையோ சொல்ல நினைத்து வாயைத் திறந்தால் அதுதான் வந்து நின்றதாம். தானே அதிர்ந்துபோய் வாயை மூடிக்கொள்வானாம்.

மழை விட்டு, வெயில் ஏறத் தொடங்கிய ஒருநாள் கணவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. அவரால் எழ முடியாததால் அண்ணி மட்டும் போனாள். தம்பியைத் தூக்க ஆளில்லை. படியில் உட்கார்ந்திருந்த அண்ணிக்கு மேலே கதவு திறந்தது. சின்னவள் நின்றாள். மெலிந்து, கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தாள்.

"உள்ள வாங்க" என்றாள். அக்கா என்று சொல்லவில்லை.

அவன் ஜன்னலோரம் சாய்வு நாற்காலியில் இருந்தான். முகத்தில் ஒரு பாதி இறங்கியிருந்தது. மறு பாதி அவளைப் பார்த்ததும் அசைந்தது. அவள் பக்கத்தில் மண்டியிட்டு, அசையாத கையை இரண்டு கையாலும் எடுத்து வைத்துக்கொண்டாள். படியில் உட்கார்ந்து கோத்து வைத்திருந்த வார்த்தையெல்லாம் மறந்துபோனது.

"தம்பி, நீ கேட்டப்போ நான் பொய் சொன்னேன்" என்றாள். "உன் அண்ணன் பின்னால நின்னுட்டிருந்தார். அவர் முகத்தைப் பார்த்தேன், உன் முகத்தைப் பார்க்கல. அப்புறமா சொல்லிக்கலாம்னு இருந்தேன். உன்னைத் தேடி வந்தேன், அப்பவும் சொல்லல. என்னை மன்னிச்சுடுப்பா."

அவன் அவளையே பார்த்தான். கண் கலங்கியது. எதையோ இழுத்துக்கொண்டு வருகிற மாதிரி உதடு நடுங்கியது.

"சரி" என்றான்.

அவள் அவன் கண்ணுக்குள் தேடினாள். இடது கை வந்து அவள் தலையைத் தொடுமா என்று காத்திருந்தாள். அது நாற்காலியின் கையைப் பிடித்தபடியே இருந்தது. "சரி" என்றான் மறுபடி, இன்னும் உரக்க. "சரி, சரி, சரி." கன்னத்தில் தண்ணீர் ஓடியது. மன்னித்துவிட்டேன் என்கிறானா, போய்விடு என்கிறானா, ஏன் அண்ணி என்று கேட்கிறானா? வெளியே யாரோ ஒரு வண்டி ஹாரனை அடித்தார்கள். அவன் அந்தப் பக்கம் திரும்பி அதற்கும் "சரி" என்றான்.

சின்னவள் கிண்ணத்தில் தூளாக்கிக் கரைத்த மாத்திரையோடு வந்தாள்.

"தலையைக் கொஞ்சம் நிமிர்த்திப் பிடிங்க" என்றாள். "இல்லன்னா புரையேறிடும்."

அண்ணி எழுந்து நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றாள். இரண்டு உள்ளங்கையாலும் அவன் தலையைத் தாங்கிப் பிடித்தாள். சின்னவள் ஸ்பூனை நீட்டினாள். அவன் விழுங்கி முடிக்கிறவரை இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நின்றார்கள்.